"ரீசஸ் போச்சும்மா!": அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் விளையாட்டு நேரத்தைப் பறிக்கும் தண்டனை - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பெற்றோர் எல்லாம் கேஃபடீரியாவில் ஃப்ளாஸ்க் காபியோடு உட்கார்ந்திருப்போம். விசா, வீட்டு விலை, நீச்சல் வகுப்பு என்று பேச்சு ஒரு சுற்று வரும். வருஷம் தவறாமல் யாராவது ஒரு புது அப்பாவோ அம்மாவோ தயங்கித் தயங்கி இதைக் கேட்பார்கள்: "டீச்சர் ரீசஸை எடுத்துட்டாங்களாம். ஏதாவது பெரிய தப்பு பண்ணியிருப்பானோ?" அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கலிஃபோர்னியாவில் இரண்டு பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புகிற, வாரத்தில் ஒரு நாள் மதியம் மைதானத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தன்னார்வலராக நிற்கிற ஒரு அம்மா.

ரீசஸ் என்றால் நம்ம ஊர் இன்டர்வெல்தானே?

கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அப்படியே அதுவல்ல. நம்ம ஊர் இன்டர்வெல் பத்து நிமிஷம். பாத்ரூம் போய்விட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் மணி அடித்துவிடும். இங்கே ரீசஸ் என்பது பிள்ளைகளை வெளியே திறந்துவிடுகிற நேரம். பெரும்பாலும் பதினைந்திலிருந்து முப்பது நிமிஷம். ஊஞ்சல், கம்பி, பந்து, ஓட்டம், அல்லது சும்மா வேலியோரம் நின்று கதை. இதைத்தான் விளையாட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் மேற்பார்வைக்கு மட்டும் நிற்பார்கள்.

பி.இ. (உடற்கல்வி) பீரியட் வேறு. அது பாடம், டீச்சர் சொல்லித் தருவார். லஞ்சும் வேறு. "அதான் பி.இ. இருக்கே" என்று சிலர் சொல்வதுண்டு. நம்ம ஊரில் பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொண்டது நினைவிருக்கும் தலைமுறைக்கு, எது போனால் என்ன மிச்சம் என்று எளிதில் புரியும்.

எப்படிப் பறிக்கிறார்கள்?

பல விதம். முழு ரீசஸும் போகலாம், முதல் ஐந்து நிமிஷம் மட்டும் போகலாம். சில பள்ளிகளில் பிள்ளையை வகுப்பிலேயே உட்கார வைத்து முடிக்காத ஒர்க்‌ஷீட்டைக் கொடுப்பார்கள். சிலவற்றில் மைதானத்துக்கு அழைத்துப் போய், சுவரோரம் நிற்கவோ பெஞ்சில் உட்காரவோ வைப்பார்கள்.

எங்கள் பள்ளியில் பெஞ்ச்தான். பச்சை பெயின்ட் உரிந்துபோன நீள பெஞ்ச், தார் போட்ட மைதானத்தின் விளிம்பில். கலிஃபோர்னியாவில் இந்தத் தண்டனையைத் தடுக்கும் சட்டம் வருவதற்கு முந்தைய வருஷம் நான் டியூட்டிக்குப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் ஷூவின் அடியிலிருந்து ரப்பரைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்து, பெஞ்சின் மேல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். எத்தனை என்று கேட்டேன். "பதினேழு" என்றான். இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டான். ஒன்பது என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி பிய்க்க ஆரம்பித்தான்.

மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: அந்த பெஞ்சில் முகங்கள் மாறவே இல்லை. அடிக்கடி மாறியது நான்காவது ஆள் மட்டும்தான். தண்டனை வேலை செய்கிறது என்றால் பெஞ்ச் காலியாகியிருக்க வேண்டும், இல்லையா?

என்ன தப்புக்காக?

அடிதடிக்காக என்று நினைப்போம். அது குறைவு. வகுப்பில் பேசியது, இடத்தில் உட்காராதது, வீட்டுப்பாடம் கொண்டு வராதது, வேலையை முடிக்காதது, லைப்ரரி புத்தகத்தை மறந்தது. நான் பெஞ்சில் கேட்டவரை, சேட்டை செய்து வந்தவர்களைவிட எழுதி முடிக்காமல் வந்தவர்களே அதிகம்.

டீச்சர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்? இரக்கமே இல்லையா?

இதில் நான் டீச்சர் பக்கம் கொஞ்சம் நிற்பேன். ஏழு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரோடு ஒரு நாள் முழுக்க ஒரே அறையில் இருந்து பாருங்கள். இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அடிக்கக் கூடாது, அது நல்லது. பள்ளி முடிந்த பிறகு நிறுத்தி வைத்தால் பஸ் போய்விடும். பிரின்சிபாலிடம் அனுப்பினால் பிள்ளையை அடக்கத் தெரியாத டீச்சர் என்று பெயர். அந்தப் பிள்ளை ஆசைப்படுகிற, டீச்சர் கையில் இருக்கிற ஒரே பொருள் ரீசஸ். கையில் இருப்பதைத்தானே எடுப்பார்கள்.

தவிர, இந்த ஊரில் ரீசஸுக்கே ஒரு காலத்தில் மரியாதை இல்லை. 1990களில் அட்லாண்டா நகரப் பள்ளிகள் படிப்பு நேரம் வேண்டும் என்று ரீசஸையே நிறுத்தின. விளையாட்டு மைதானமே இல்லாமல் புதுப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 2002-இல் மத்திய அரசின் தேர்வுச் சட்டம் வந்தபின் பல இடங்களில் ரீசஸ் நிமிஷங்களைக் கணக்குக்கும் வாசிப்புக்கும் தின்னக் கொடுத்தார்கள். ஒப்புக்குக் கொடுக்கிற நேரம் என்று நிர்வாகமே நினைக்கும்போது, அதைத் தண்டனையாகப் பறிப்பதில் யாருக்கும் உறுத்தல் வரப்போவதில்லை.

இது எவ்வளவு பரவலானது?

2010-இல் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் ஏறக்குறைய 2,000 தொடக்கப் பள்ளிப் பிரின்சிபால்களிடம் கேட்டது. தங்கள் பள்ளியில் தண்டனையாக ரீசஸைப் பறிப்பதுண்டு என்று 77 சதவீதம் பேர் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே கணக்கெடுப்பில் பத்தில் எட்டுப் பேர் ரீசஸ் படிப்புக்கு நல்லது என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் ரீசஸ் முடிந்து வந்த பிள்ளைகள் பாடத்தை நன்றாகக் கவனிக்கிறார்கள் என்றார்கள். மருந்து நல்ல மருந்து, அதனால் நோயாளிக்கு மட்டும் கொடுக்க மாட்டோம் என்ற கதை.

இந்தக் கணக்கு பழையது. அதற்குப் பிறகு பல மாநிலங்களில் சட்டம் வந்திருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஒரு நாள் விளையாடாவிட்டால் குடியா முழுகிவிடும்?

ஒரு நாள் என்றால் முழுகாது. நான் சொல்வது வாரத்தில் மூன்று நாள் பெஞ்சில் உட்காருகிற பிள்ளையைப் பற்றி.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2013-இல் இதைப் பற்றியே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ரீசஸ் பிள்ளையின் சொந்த நேரம், தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ அதை எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2017-இல் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யும் உடற்கல்வி ஆசிரியர்களின் அமைப்பும் சேர்ந்து தந்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. தினம் 20 நிமிஷமாவது ரீசஸ் வேண்டும், ஒழுங்கு நடவடிக்கையாக அதை நிறுத்தக் கூடாது.

இவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 2009-இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எட்டு, ஒன்பது வயதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். தினம் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ரீசஸ் கிடைத்தவர்களின் வகுப்பறை நடத்தைக்கு, அவர்களுடைய டீச்சர்களே கூடுதல் மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். கிட்டத்தட்ட முப்பது சதவீதப் பிள்ளைகளுக்கு ரீசஸே இல்லை, அல்லது பேருக்குத்தான் இருந்தது. அதில் கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் அதிகம். இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வு, காரணத்தை நிரூபிக்கிற ஆய்வு இல்லை. ஆனால் ஆண்டனி பெல்லெக்ரினி போன்ற கல்வி உளவியலாளர்கள் வகுப்பறைகளிலேயே இருந்து நேரடியாகப் பார்த்ததும் இந்தப் பக்கமே சாய்கிறது: ரீசஸைத் தள்ளிப்போடப் போட, பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது, வெளியே போய் வந்தபின் கவனிக்கிறார்கள்.

இப்போது பெஞ்சை யோசியுங்கள். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? உட்கார முடியாதவர்கள். உட்கார முடியவில்லை என்பதற்காக இன்னும் கொஞ்சம் உட்கார வைக்கிறோம். மதியம் வகுப்புக்குத் திரும்புகிறவன் காலையில் இருந்ததைவிட மோசமாகத்தான் நெளிவான். மறுநாளும் பெஞ்ச்.

நாமெல்லாம் முட்டி போட்டும் பிரம்படி வாங்கியும் வளர்ந்தோமே, இதெல்லாம் ஒரு தண்டனையா?

என் மாமனார் கேட்ட கேள்வி. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பள்ளியில் சேர்க்கும்போது சொன்ன தலைமுறை அவர். அடியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லைதான். ஆனால் அந்தக் காலத்தில் அடி வாங்கியவனும் சாயங்காலம் நாலரை மணிக்குத் தெருவில் இறங்கி இருட்டும் வரை விளையாடினான். என் பிள்ளைக்குத் தெரு இல்லை. பள்ளி விட்டால் ஆஃப்டர் கேர், அங்கிருந்து கார், காரிலிருந்து வீடு. யாரும் ஏற்பாடு செய்யாத, யாரும் சொல்லித் தராத விளையாட்டு அவனுக்கு நாளில் ஒரு தடவை கிடைக்கிறது. அதுதான் ரீசஸ். மாமனாரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பேரனைப் பார்க்குக்கு அழைத்துப் போக ஆரம்பித்தார்.

சட்டப்படி இதைச் செய்யலாமா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. நம்மவர்கள் அதிகம் இருக்கிற சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் முன்பு நிலைமை தலைகீழ். டிஸ்ட்ரிக்ட் (அந்த வட்டாரப் பள்ளிகளின் நிர்வாகம்) விதி வகுத்தால், ஒழுங்குக்காக டீச்சர் ரீசஸைக் குறைக்கலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட எஸ்.பி. 291 என்ற சட்டம் அதை மாற்றியது. 2024-25 கல்வியாண்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வழக்கமான நாளில் குறைந்தது 30 நிமிஷம், சீக்கிரம் விடும் நாளில் 15 நிமிஷம் ரீசஸ் தர வேண்டும். லஞ்சையும் பி.இ.யையும் இதில் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. அந்தப் பிள்ளைக்கோ மற்றப் பிள்ளைகளுக்கோ உடனடியாக உடல் ரீதியான ஆபத்து இருந்தால் மட்டுமே நிறுத்தி வைக்கலாம். அப்படி நிறுத்தினாலும் பிரச்சினையைத் தீர்த்து, முடிந்தவரை சீக்கிரம் திரும்ப விளையாட விட வேண்டும்.

நியூ ஜெர்சியின் கதை கொஞ்சம் சுவாரசியம். தினம் 20 நிமிஷ ரீசஸ் வேண்டும் என்ற மசோதாவை 2016-இல் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி முட்டாள்தனமான மசோதா என்று சொல்லித் தடுத்துவிட்டார். 2018-இல் ஃபில் மர்ஃபி ஆளுநரான பிறகு சட்டமானது, 2019-20 முதல் நடைமுறை. ஆனால் இதில் கதவு முழுசாக மூடவில்லை. நடத்தை விதியை மீறினால் ரீசஸை எடுக்கலாம், வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் கூடாது. அந்த நேரத்தில் சும்மா உட்கார வைக்காமல், நடந்ததைச் சரிசெய்யும் விதமான பயிற்சி ஏதாவது தர வேண்டும். நியூ ஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கம் இருக்கிறவர்கள் "வாரம் இரண்டு தடவை" என்பதை நினைவில் வையுங்கள்.

இல்லினாய் 2021-இல் ஐந்தாம் வகுப்பு வரை தினம் 30 நிமிஷ விளையாட்டை உறுதிசெய்து, தண்டனையாகப் பறிப்பதையும் தடுத்தது. மினசோட்டா 2023-இல் ரீசஸ் பறிக்கும் தண்டனையை நிறுத்தியது. அங்கேயும் மற்றவர்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் அபாயம் இருந்தால் விலக்கு உண்டு.

உங்கள் மாநிலம் இதில் இல்லையா? டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் "வெல்னஸ் பாலிசி" (பிள்ளைகளின் உடல்நலத்துக்கான கொள்கை) என்று தேடுங்கள். மத்திய அரசின் மதிய உணவுத் திட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வெல்னஸ் பாலிசி வைத்திருக்க வேண்டும். ரீசஸைத் தண்டனையாகப் பறிக்கக் கூடாது என்று பல டிஸ்ட்ரிக்டுகள் அதில் எழுதி வைத்திருக்கின்றன. எழுதி வைத்தது வகுப்பு டீச்சருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு.

சட்டம் வந்துவிட்டதே, இன்னும் என்ன பிரச்சினை?

பெயர் மாறுகிறது. "தண்டனை இல்லை, வேலையை முடிச்சிட்டுப் போன்னுதான் சொன்னேன்." எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இன்னொன்று, வரிசை: "எல்லாரும் அமைதியாக நின்றால்தான் கதவைத் திறப்பேன்" என்று ஆறு நிமிஷம் போகும். பிள்ளை வந்து "ரீசஸ் போச்சு" என்று சொல்ல மாட்டான், ஏனென்றால் கணக்கில் ரீசஸ் நடந்திருக்கிறது. "இன்னைக்கு ரீசஸ்ல என்ன விளையாடின?" என்று கேளுங்கள். "ஒண்ணும் இல்ல" என்று நாலைந்து நாள் தொடர்ந்து பதில் வந்தால் விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருத்தன் பேசியதற்கு வகுப்பு முழுவதற்கும் ரீசஸ் கட்.

மோசமான பழக்கம். பேசாத பிள்ளைகள் பேசிய பிள்ளையை வெறுக்கக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான் நடக்கும். இதற்குத் தனியாகப் போகாதீர்கள். நாலு பெற்றோர் சேர்ந்து பிரின்சிபாலைப் பாருங்கள்.

பெஞ்சுக்குப் பதில் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறார்கள். பரவாயில்லையா?

ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓட்டம் கசந்துபோகும். உடற்கல்வி ஆசிரியர்களே இதை எதிர்க்கிறார்கள்.

என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) இருக்கிறது. அவன்தான் தினமும் மாட்டுகிறான்.

அப்படியானால் உங்கள் கையில் இன்னொரு வழி இருக்கிறது. அவனுக்கு ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கான தனித் திட்டம்) அல்லது 504 பிளான் (குறையுள்ள பிள்ளைக்குப் பள்ளி செய்து தரும் வசதிகளின் திட்டம்) இருந்தால், "ரீசஸை நிறுத்தக் கூடாது" என்று அதிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாய்மொழியாக டீச்சர் ஒத்துக்கொண்டது, அவர் லீவு போட்டு வேறு டீச்சர் வந்த அன்று செல்லாது. எழுத்தில் இருந்தால் யார் வந்தாலும் செல்லும். பிளான் எதுவும் இல்லை என்றால் மதிப்பீடு வேண்டும் என்று பள்ளிக்கு எழுத்து மூலம் கேட்கலாம். குறையினால் வருகிற நடத்தைக்காக ஒரு பிள்ளையைத் தினமும் தண்டிப்பது பள்ளிக்கே சட்டச் சிக்கல். அது அவர்களுக்கும் தெரியும்.

நம்மவர்களிடம் இதைச் சொன்னால் "பேரு வெச்சிட்டா பிள்ளை ஃபைல்ல ஏறிடுமே" என்று பயப்படுகிறார்கள். தினம் பெஞ்சில் உட்காருகிற பிள்ளைக்கு வகுப்பில் ஏற்கெனவே ஒரு பேர் வைத்தாகிவிட்டது. அதைவிட இந்தப் பேர் மேல்.

டீச்சரிடம் எப்படிப் பேசுவது?

எப்படிப் பேசக் கூடாது என்று முதலில் சொல்கிறேன், அது நான் செய்தது. சின்னவன் இரண்டாம் கிரேடில் ஒருநாள் காரில் ஏறியதும் "ரீசஸ் போச்சும்மா" என்றான். முதலில் அவனைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து விசாரித்தால், பென்சில் உடைந்து, சீவப் போன இடத்தில் பராக்குப் பார்த்து, கணக்கு ஷீட்டை முடிக்கவில்லை. அது அந்த வாரத்தில் மூன்றாவது தடவை. ராத்திரி பதினோரு மணிக்கு, குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னதில் ஆரம்பித்து ஒரு நீள ஈமெயில் எழுதி, பிரின்சிபாலுக்கும் ஒரு நகல் போட்டேன். மறுநாள் டீச்சர் மூன்று வரியில் வறட்சியாகப் பதில் போட்டார். அப்புறம் அந்த வருஷம் முழுக்க எங்களுக்குள் சுமுகம் இல்லை. நல்ல டீச்சர் அவர். அவரைத் தற்காப்புக்குத் தள்ளியது நான்.

என்னுடைய அந்தத் தப்பில் கற்றதை வைத்து இப்போது மற்றவர்களுக்குச் சொல்வது இது. முதலில் எத்தனை தடவை, எந்த நேரம் என்று ஒரு தாளில் குறியுங்கள். டீச்சருக்கு மட்டும் சின்னதாக ஒரு ஈமெயில், பத்து நிமிஷம் பேச நேரம் கேட்டு. நேரில் போனதும் கேள்வியில் ஆரம்பியுங்கள்: "எந்தப் பாடத்தில் அவன் முடிக்காமல் விடுகிறான்?" பதிலில் பாதிப் பிரச்சினை வெளியே வந்துவிடும். எழுத்து மெதுவா, கண் சரியாகத் தெரியவில்லையா, பக்கத்து சீட்டா. அப்புறம், "முடிக்காத ஷீட்டை வீட்டுக்கு அனுப்புங்கள், நான் முடிக்க வைக்கிறேன், ரீசஸை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். டீச்சருக்கு ஒரு மாற்றுவழி கொடுத்தால்தான் கையில் இருப்பதை விடுவார். சட்டத்தை முதல் சந்திப்பில் எடுக்காதீர்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு மாறவில்லை என்றால் பிரின்சிபால், அப்போது சட்டமும் வெல்னஸ் பாலிசியும்.

ஆங்கிலம் தடுமாறும் என்று தயங்க வேண்டாம். எழுதி எடுத்துக்கொண்டு போய் வாசித்தவர்களை எனக்குத் தெரியும், காரியம் நடந்தது.

டீச்சர் வேறு என்னதான் செய்வார்?

உடைத்ததை ஒட்டவை, கொட்டியதைத் துடை, அழவைத்தவனிடம் போய்ப் பேசு. செய்த தப்புக்கும் தண்டனைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். நெளிகிற பிள்ளையை நடுவில் எழுப்பி ஆபீசுக்குக் கடிதம் கொண்டுபோகச் சொல்கிற டீச்சர்கள் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். பின்லாந்தில் 45 நிமிஷப் பாடத்துக்கு 15 நிமிஷ இடைவேளை என்பதே வழக்கம். அதைப் பார்த்துவிட்டு டெக்சாஸில் டெபி ரீ என்ற பேராசிரியர் 2013 வாக்கில் லிங்க் என்ற திட்டத்தைத் தொடங்கினார். நாளுக்கு நான்கு தடவை பதினைந்து நிமிஷ ரீசஸ். நான்கு தடவை வெளியே போய் வந்த பிள்ளையை அடக்க, ரீசஸைப் பறிக்கும் தேவையே குறைவு.

என் பெண்ணுக்கு ரீசஸே பிடிக்கவில்லை. உள்ளேயே இருக்கிறேன் என்கிறாள்.

இதை யாரும் பேசுவதில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு வகுப்பைவிட மைதானம் பயங்கரம். வகுப்பில் உட்கார இடம் இருக்கிறது. மைதானத்தில் யாரோடு நிற்பது? வேண்டுமென்றே எழுதி முடிக்காமல் உள்ளே இருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். டீச்சருக்கு அது தண்டனை, அவளுக்கு அது அடைக்கலம். இப்படி இருந்தால் ரீசஸை மீட்டுக் கொடுத்தால் போதாது. விளையாட்டுக்குச் சேர்த்துக்கொள்ள ஒரே ஒரு தோழியைப் பிடித்துக் கொடுக்கும்படி டீச்சரிடம் கேளுங்கள். சனிக்கிழமை அந்தத் தோழியை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

பள்ளியில் ரீசஸ் போனால் வீட்டிலும் ஏதாவது தண்டிக்கலாமா?

வேண்டாம். அவன் கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

நம்ம ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்?

கேட்டுவிட்டீர்கள். இரண்டரை மணி நேர வகுப்பு, நடுவில் பத்து நிமிஷ பிரேக். அங்கே நிலை ஒன்று வகுப்புக்கு நான் இரண்டு வருஷம் டீச்சர். "ங வரிசை எழுதி முடிக்காதவங்களுக்கு பிரேக் கிடையாது" என்று பலகையில் எழுதிப் போட்டவள் நான்தான். டிஸ்ட்ரிக்டுக்குச் சட்டம் பேசிக்கொண்டிருந்த அதே மாதம். ஒருநாள் மூன்று பேரை உள்ளே வைத்திருந்தேன். அதில் ஒருவன் அழிரப்பரைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்து மேஜையில் அடுக்க ஆரம்பித்தான். போங்கடா வெளியே என்று அனுப்பிவிட்டேன். பலகையில் இருந்ததையும் அழித்தேன். ங வரிசையை அடுத்த வாரம் எழுதினார்கள், பாதிப் பேர் தப்பாக.